கண்மாய்க்குக் கதை கேட்கப் போகிறவர்களுக்கு

“அண்ணே, ஞாயித்துக்கிழமை கண்மாயைச் சுத்தம் பண்ணப் போறோம். முப்பது பேர் வர்றாங்க. கையுறை, சாக்கு எல்லாம் வாங்கியாச்சு. வேற என்ன வேணும்?”

வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது இப்படி ஒரு போன் வரும். பேசுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ இருபது வயது இருக்கும். அந்த வேகத்தைக் கெடுக்க மனசு வராது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: “சாக்கு இருக்கட்டும்ப்பா. முதல்ல ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்க.”

நாங்களும் சாக்கோடுதான் ஆரம்பித்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு டிராக்டர் குப்பை, கரையில் நின்று குழுப் படம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் அதே மூலையில் அதே குப்பை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுமிதான் காரணம் சொன்னாள். தெரு முக்கில் சின்னப் பாலம் உடைந்து கிடக்கிறது; குப்பை வண்டி அதைத் தாண்டி உள்ளே வராது; அதனால் தெரு முழுக்க இங்கேதான் கொட்டுகிறது. அந்தப் பிள்ளையிடம் கேட்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எழுதத் தெரிந்தவர்கள், போனில் படம் பிடிப்பவர்கள், மேடையில் கதை சொல்பவர்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள், சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள் எல்லாருக்குமான குறிப்பு இது. நான் மதுரைப் பக்கம் என்பதால் கண்மாய் என்றே எழுதுகிறேன். செங்கல்பட்டுக்காரர்கள் ஏரி என்றும் நெல்லைக்காரர்கள் குளம் என்றும் வாசித்துக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

முதலில்: ஒரே ஒரு கண்மாய்

நடந்தோ சைக்கிளிலோ போய்விடக்கூடிய தூரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘மாவட்டத்தின் நீர்நிலைகளைக் காப்போம்’ என்று கிளம்பிய குழு எதுவும் அடுத்த பொங்கலைப் பார்த்து நான் கண்டதில்லை. மூன்று பேர் போதும். ஒருவருக்கு எழுத வர வேண்டும், ஒருவருக்குப் பேச்சுக் கொடுக்க வர வேண்டும், ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். மூன்றாமவர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்து, அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவற்றில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை பெரும்பாலும் நீர்வளத்துறையிடம் இருக்கும். 2021க்கு முன்பு அது பொதுப்பணித்துறை. ஊரில் இன்னும் ‘பி.டபிள்யூ.டி. கண்மாய்’ என்றுதான் சொல்வார்கள். அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும், ஊருணி, குட்டை போன்றவை ஊராட்சியிடமும் இருக்கும். தெப்பக்குளம் என்றால் அறநிலையத்துறையாக இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுதினால், ‘இது எங்கள் துறை சார்ந்ததல்ல’ என்ற ஒற்றை வரிப் பதில் வர ஆறு மாதம் ஆகும்.

நடப்பது

சித்திரை, வைகாசியில் போங்கள். உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பு, காய்ந்து வெடித்திருக்கும், எலும்புக்கூடு முழுதும் தெரியும். கரையை ஒரு சுற்று முழுக்க நடக்க வேண்டும். பைக்கில் போனால் ஒன்றும் தெரியாது.

பார்க்க வேண்டியவை: தண்ணீர் வரும் வரத்துக்கால் எத்தனை, எந்தத் திசையிலிருந்து வருகின்றன, வயலுக்குத் தண்ணீர் விடும் மடைகள் எத்தனை, எது அடைபட்டிருக்கிறது, நிறைந்தால் வழியும் கலுங்கு எங்கே, அதன் தலையில் யாராவது மண்ணோ கல்லோ வைத்து உயர்த்தியிருக்கிறார்களா அல்லது உடைத்துத் தாழ்த்தியிருக்கிறார்களா, அப்படி வழியும் மறுகால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது. இந்தக் கடைசிக் கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். நம் பக்கம் கண்மாய்கள் சங்கிலிபோல ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ் கண்மாயின் வரத்துக்கால். உங்கள் கண்மாய் நிறையாததற்குக் காரணம் மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊராட்சியில் இருக்கக்கூடும்.

மடைக்கல்லில் எழுத்து இருந்தால் படம் எடுங்கள். அதன்மேல் சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். தண்ணீர் இருக்கும் காலத்தில் உள்ளே இறங்கவே இறங்காதீர்கள். மண் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, வருஷா வருஷம் பிள்ளைகள் அவற்றில் மூழ்கிச் சாகிறார்கள்.

கேட்பது

இந்த வேலைக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

யாரிடம் கேட்பது? புதியவர்கள் நேரே ஊர்த் தலைவரிடமோ ஓய்வுபெற்ற ஆசிரியரிடமோ போவார்கள். அவர்கள் அழகாகப் பேசுவார்கள், பேட்டிக்குத் தோதாக உட்காருவார்கள். மரியாதைக்கு ஒரு முறை போய்விட்டு வாருங்கள். ஆனால் கண்மாய் தெரிந்தவர்கள் வேறு: மடை திறந்து பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்ட நீர்ப்பாய்ச்சி, மீன்பாசி ஏலம் எடுத்தவர், கிடை போடுகிறவர், வாத்து மேய்க்க வருகிறவர், கரையிலிருக்கும் ஐயனார் கோயில் பூசாரி, துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் தினம் வந்துபோன பெண்கள். குறிப்பாகப் பெண்கள். ஆண்களுக்குக் கண்மாய் எப்போது நிறைந்தது, எப்போது உடைந்தது என்பது தெரியும். அதில் தண்ணீர் எந்த மாதம் கலங்கும், எந்த மாதம் தெளியும், எந்த வருஷத்திலிருந்து நுரைக்கிறது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

‘சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி என்ன நினைக்கிறீங்க?’ என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் டி.வி.யில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். தும்பு போலச் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். நான் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி மீனைப் பற்றியது.

எண்பது வயது அப்பத்தா ஒருவர். கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். “அப்பத்தா, அயிரை எங்கே பிடிப்பீங்க?” என்றேன். இடிப்பதை நிறுத்தவில்லை. “தெக்க, பாலத்தடியில. ஐப்பசி மொத மழைக்கு ராத்திரி பறி வெச்சா விடியுறதுக்குள்ள ஒரு படி அயிரை. அது எதுத்து ஏறும்ல, புதுத் தண்ணிக்கு.”

தெற்கே பாலமே கிடையாது. பிளாட் போட்ட கற்களும், கப்பிச் சாலையும், ஒரு விளம்பர வளைவும்தான் இருக்கின்றன. அயிரை ஓடுகிற தண்ணீரை எதிர்த்து ஏறும் மீன். அது ஏறியது என்றால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. வந்தது என்றால் அங்கே ஒரு வரத்துக்கால் இருந்திருக்கிறது. நாங்கள் கரையைச் சுற்றி மூன்று முறை நடந்தும் கண்ணில் படாத கால்வாய், வெற்றிலை இடிக்கும் நேரத்தில் கிடைத்துவிட்டது.

ஒருவர் சொன்னதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது கோலப்பொடி. மந்தையில் சாணி தெளித்து, நாங்கள் வட்டமாகக் கண்மாயை மட்டும் போட்டுவிட்டு, கிண்ணத்தை அங்கே நின்ற பெண்களிடம் கொடுத்துவிட்டோம். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பு. பிறகு ஒருவர் மடையைப் போட்டார். “அது அங்கயா இருக்கு, கிழக்க தள்ளுடி” என்று இன்னொருவர் அழித்தார். முக்கால் மணி நேரத்தில் தெருக்கள், கலுங்கு, களம், பிள்ளைகளைக் குளிப்பாட்டும் படித்துறை, எல்லாம் வந்துவிட்டன. தெற்கு மூலையில் மூன்று பேர், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே, ஒரே இடத்தில் வரத்துக்காலை இழுத்தார்கள். படத்தை மேலிருந்து, பக்கத்து மாடியில் ஏறி எடுங்கள். தரையில் நின்று எடுத்த எங்கள் முதல் படத்தில் கால்கள்தான் அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘அந்தக் காலத்தில் ஊரே ஒன்றுகூடிக் கண்மாயைக் காத்தது’ என்ற கதை எல்லா ஊரிலும் கிடைக்கும். பாதி உண்மை. ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து இருந்தது, உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் இருக்கிறது, பராந்தக சோழன் காலம். ஆனால் பல ஊர்களில் மழையில் மடை காக்கப் போனவர்களும், உடைப்பெடுத்தால் இறங்கி அடைத்தவர்களும் தலித் குடும்பத்தினர். அதே ஊரின் குடிநீர் ஊருணியில் அவர்கள் குடம் வைக்க முடியாது. அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டால் அதே கண்மாயின் வேறு கதை கிடைக்கும். ஒரு தெருவின் கதையை ‘ஊரின் கதை’ என்று போட்டால், மறு தெரு உங்களோடு வராது. வராததில் தப்பும் இல்லை.

பதிவு செய்யும் முன் கேளுங்கள். பேசி முடித்ததும் “இதுல எதாச்சும் வெளிய வேண்டாம்னு தோணுதா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் உண்மையான பதில் வரும்.

காகிதம்

கதை கேட்டதோடு வீடியோ போட்டுவிட்டால், ‘வயசானவங்க சொல்றதெல்லாம் ஆதாரமா?’ என்று ஒருவர் கேட்டதும் உட்கார்ந்துவிடுவீர்கள். எனவே தாலுகா ஆபீஸ்.

பட்டா, சிட்டா பார்க்கும் அரசு இணையச் சேவையிலேயே அ-பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் புல எண் கொடுத்துப் பார்க்கலாம். முன்னதில் நிலத்தின் வகை இருக்கும்: தனியார் பட்டா நிலமான ரயத்துவாரியா, அரசுப் புறம்போக்கா, புறம்போக்கு என்றால் கண்மாயா, வாய்க்காலா, பாதையா. புலப்படம் என்பது அந்தப் புல எண்ணின் அளவுகளோடு கூடிய வரைபடம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வி.ஏ.ஓ.விடம் சண்டைக்காரர்போலப் போகாதீர்கள். கிராமக் கணக்கெல்லாம் அவர் கையில் இருக்கிறது, அவருக்கும் பல சமயம் இந்த விஷயம் உறுத்திக்கொண்டுதான் இருக்கும்.

கோலப்பொடி வரைபடத்தை வைத்துக்கொண்டு கிராம வரைபடத்தில் தெற்கு மூலையைத் தேடினோம். இரண்டு கோடுகள், நடுவே ஒரு புல எண். அ-பதிவேட்டில் அதற்கு நேரே ‘வாய்க்கால்’ என்று இருந்தது. அப்பத்தாவின் அயிரைக்கு அரசாங்கத்திலும் ஒரு வரி இருந்திருக்கிறது.

நேரில் கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பிரிவு 6(1)இன் கீழ், அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் அல்ல. இப்படிக் கேளுங்கள்: ‘இன்ன கிராமம், இன்ன புல எண்ணின் புலப்பட நகல் தருக. கடைசியாக அளவீடு செய்த தேதியும் அளவீட்டு அறிக்கையின் நகலும் தருக. கடந்த 5 ஆண்டுகளில் இக்கண்மாயில் நடந்த பணிகளின் மதிப்பீடு, அளவுப் புத்தக நகல் தருக.’ செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் பெயரைப் பார்த்ததும் அலுவலகத்தில் உங்கள் மனுவை எடுத்து ஒரு முறை கூடுதலாகப் படிப்பார்கள்.

ஜமாபந்தியை மறக்காதீர்கள். ஆண்டுதோறும் பெரும்பாலும் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் வருவாய்த் தீர்வாயம். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்று மேசைக்கு வரும், மனுவும் கொடுக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் யாரும் போவதில்லை என்பதாலேயே போனால் கவனிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆக்கிரமிப்பு என்று தெரிந்ததும் பெயர் போட்டு எழுதத் தோன்றும். வேண்டாம். புல எண், வகைப்பாடு, அளவு மட்டும் எழுதுங்கள். அவதூறு வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நாளை அந்த ஊரில் இருக்கப்போகிறவர் உங்கள் குழுவில் ஊர்க்காரரான அந்த மூன்றாமவர்தான். தவிர, கரையோரக் குடிசைக்காரரும் பத்து ஏக்கர் வளைத்தவரும் பட்டியலில் ஒரே சொல்லாக வருவார்கள். முதலில் இடிபடுவது எது என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணுவது

பறவை எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்து இனத்தில் தொடங்குங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளை அலகும் நெற்றியில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் நாமக்கோழி. பெயரைக் கேட்டவுடன் அடையாளம் மறக்காது. அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்புபோல நீந்தினால் பாம்புத்தாரா. முங்கினால் எங்கே எழும் என்று தெரியாத குட்டி உருண்டை முக்குளிப்பான். மாதம் ஒரு ஞாயிறு, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் எண்ணுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் செயலியில் ஏற்றினால் தேதியோடு உலகப் பதிவாகிவிடும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

இதனால் என்ன ஆகும்? ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025இல் அறிவிக்கப்பட்டன. எல்லாமே பாசனத்துக்காகக் கரை போட்ட கண்மாய்கள்தான். இந்த இடம் கிடைக்கப் பறவைகளின் கணக்கு பெரிய ஆதாரம்.

கூடு எங்கே என்பதை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள். ஒரு குஞ்சுக்கூட்டம் கலைந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

சொல்வது

எங்கள் முதல் வீடியோ ஒன்றரை நிமிஷம். பின்னணியில் சோக வயலின், கழிவுநீர் பாயும் காட்சி, ‘இறந்துகொண்டிருக்கும் கண்மாய்’ என்று பெரிய எழுத்து. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ஊரில் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கழிவுநீர்க் குழாய் ஒருவருடைய வீட்டுப் பின்பக்கம். சுவரின் நீல நிறத்தை வைத்து அடுத்த ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று மாதம் அந்தத் தெருவில் எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? தெருவில் வாய்க்காலே இல்லை. குற்றம் எங்கள் மேல்தான்.

அதிலிருந்து வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று: எது செய்தாலும் அதில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது. பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, வாடகை புரொஜெக்டரில், சாயங்காலம். இணையத்தில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். ஊர் பார்த்துவிட்டு ‘இதை எடுத்துடு’ என்றால் எடுத்துவிடுங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தெரிந்ததைவிட ஊருக்குப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாடு, நெல்லை என்றால் வில்லுப்பாட்டு. வட மாவட்டம் என்றால் தெருக்கூத்து. எங்கள் பக்கம் கும்மியும் ஒயிலாட்டமும் எடுபடும். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும் பெண்களிடம் கோலப்பொடிப் படத்தைக் காட்டினோம். அவர்களே ஒவ்வொரு மடைக்கும் ஒரு கண்ணி கட்டிவிட்டார்கள். நாங்கள் எழுதிக்கொடுத்த பாட்டை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள், பாடவில்லை. வாட்ஸ்அப்பில் ஊர்க் குழுவுக்கு மூன்று நிமிஷ ஒலிப்பதிவு போதும். துபாயில் இருக்கும் ஊர்க்காரர் வேலைக்குப் போகும் வண்டியில் கேட்பார். கேட்டுவிட்டு, அவர் சின்ன வயதில் பார்த்ததைத் திருப்பிப் பேசி அனுப்புவார். அதையும் நோட்டில் ஏற்றுங்கள்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒரு முறை போய் வாருங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பல ஆண்டுகளாக. வெடி இல்லாத தீபாவளியைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க அந்த வீடுகளில் வருஷா வருஷம் ஒரு கதை சொல்லப்படுகிறது. அதைப் போய்க் கேளுங்கள், காமிரா இல்லாமல்.

சபை

கதையும் காகிதமும் சேர்ந்த பிறகு போக வேண்டிய இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். வெளியூர்க்காரர் என்றால் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுங்கள், பேச வேண்டியவர் ஊர்க்காரர். மாநகராட்சி, நகராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு பகுதி சபையைப் பாருங்கள்.

போகும்போது தீர்மான வாசகத்தைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள்: ‘இன்ன கண்மாயின் தெற்கு வரத்துக்கால், புல எண் இன்னது, அ-பதிவேட்டில் வாய்க்கால் என உள்ளது. இதை அளந்து எல்லைக்கல் நட வருவாய்த்துறையைக் கோருவதெனத் தீர்மானிக்கப்படுகிறது.’ அவ்வளவுதான். ‘இயற்கை அன்னையைக் காப்போம்’ என்றெல்லாம் எழுதினால் ஏகமனதாக நிறைவேறும், ஒன்றும் நடக்காது. முக்கியமானது இது: தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாசகம் எழுதப்பட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு ‘அப்புறம் எழுதிக்கலாம்’ என்பார்கள். உட்கார்ந்து, எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். தீர்மான நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த நகலை இணைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால், தனி ஆள் மனுவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். ரசீது எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100க்கு போன் செய்தும் பதியலாம். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆயக்கட்டுக்காரர் ஒருவர் இதே ரசீது எண்ணைச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது. நீர்வளத்துறையின் கீழுள்ள கண்மாய் என்றால், ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 என்று குறிப்பிடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசாமல் அந்தப் பக்கம் ஓட வேண்டாம்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியைப் பலருக்கும் டங்ஸ்டன் போராட்டத்தால் தெரியும். 2024 நவம்பரில், டங்ஸ்டன் சுரங்கத்துக்காக நாயக்கர்பட்டிக் கனிமத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது, சுமார் 2,015 ஹெக்டேர். டிசம்பர் 9இல் அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம். ஊர் ஊராகத் திரண்டார்கள். 2025 ஜனவரி 23இல் ஏலத்தை ரத்து செய்வதாக ஒன்றிய அரசு அறிவித்தது. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய வருஷங்களை. தமிழி கல்வெட்டு, சமணர் படுக்கை, குடைவரை, கண்மாய்கள், சுனைகள், வல்லூறு உட்பட ஏராளமான பறவைகள் என்று அந்த மலையைப் பற்றி ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் ஏற்கெனவே எழுதியும் படம் பிடித்தும் வைத்திருந்தார்கள். 2022 நவம்பரிலேயே அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆபத்து வந்த அன்று நோட்டு வாங்கக் கடைக்கு ஓட வேண்டிய நிலை அந்த ஊருக்கு இல்லை.

கடைசியில்தான் சாக்கு

இப்போது இறங்கி வேலை செய்யலாம். சுருக்கமாக: உள்வாயில் மரம் நடாதீர்கள், அது தண்ணீரின் இடம். கண்மாய் நடுவே தீவு கட்டும் யோசனையை யாராவது கொண்டுவந்தால் ஆயக்கட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பனைவிதை நடுவதானாலும் கரையில் குழி எடுக்கும் முன் துறையிடம் கேட்க வேண்டும். வண்டல் அள்ளத் தாசில்தார் அனுமதி வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆடியில் இரட்டிப்பாக நிற்கும். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே போட்டால் மழைக்கு மறுபடி உள்ளே வரும். ஜே.சி.பி.யைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்.

எங்கள் தெற்கு வரத்துக்கால் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அளந்தார்கள். அதற்கே ஒன்றரை வருஷம். முழுதும் கிடைக்கவில்லை, சாலைக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய் பதித்து, அதற்கு மேலும் கீழும் தோண்டிவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் முதல் பெருமழை ராத்திரி ஒன்பதுக்குப் பிடித்தது. குடையும் டார்ச்சுமாக நாலு பேர் போனோம். பதினொரு மணிக்குக் குழாயில் செம்மண் தண்ணீர் எட்டிப் பார்த்தது. முதலில் சருகும் நுரையும், பிறகு ஒரு ரப்பர் செருப்பு, அதன் பின்னால் தண்ணீர். பையன்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். வீடியோவைக் காலையில் அப்பத்தாவிடம் காட்டினோம். கண்ணருகில் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

“தண்ணி சரி. அயிரை ஏறுச்சா?”

ஏறவில்லை. பறி வைத்தோம், தவளைக் குஞ்சும் ஒரு ஜிலேபிக் கெண்டையும்தான் இருந்தன. குழாயின் உயரம் தடுக்கிறதா, மேல் கண்மாயில் தாய் மீனே இல்லையா, இல்லை தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதியிருக்கிறது. நூறு பக்கம் முடிந்துவிட்டது. இப்போது இரண்டாவது நோட்டு.